உறையில் உன் பெயர்

உன் கல்வெட்டு, அந்த நினைவுப் புத்தகம், என் சமையலறை மேசையில் கிடக்கிறது. முப்பத்தோராம் நாள் சாப்பாடு முடிந்து மண்டபத்தை விட்டு வெளியே வரும்போது ஆளுக்கொன்று கொடுத்தார்கள். அட்டையில் நீ சிரிக்கிறாய், உள்ளே தேவாரங்கள். அச்சு மை மணம் இன்னும் போகவில்லை. செத்தவர்களின் முகம் போட்ட இப்படியான புத்தகங்கள் என் அலுமாரியில் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. சாமிப் பாட்டு இருப்பதால் யாரும் குப்பையில் போடுவதில்லை. உன்னுடையதை மட்டும் கிழித்துப் போடலாமா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். அவ்வளவு கோபம் எனக்கு உன்மேல்.

நூலகத்தில் பழைய உயில்கள் படிக்கும் வகுப்புக்குப் போனாயே, நினைவிருக்கிறதா? நானூறு வருடத்துக்கு முந்தைய இங்கிலீஷ் சிற்றூர்க்காரரின் உயில்கள். வகுப்பு முடிந்ததும் நேரே என் வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் கதை சொல்வாய்.

"எடி, பேக்கரியில பாண் சுடுறவன்ர மனுசி ஒருத்தி. அவவிட்ட இருந்தது ஒரேயொரு வேதப்புத்தகம். அதை ஆருக்கு எண்டு பேர் சொல்லி எழுதிவைச்சிட்டுத்தான் கண்ணை மூடியிருக்கிறா. எங்கட சனம் எழுதுமே?"

எங்கள் சனத்தை அன்று என்ன நக்கல் அடித்தாய்!

பிறகு என் அம்மாவின் தேவாரப் புத்தகத்தைக் கேட்டாய். வகுப்பில் காட்ட வேண்டும் என்றாய். அது என்ன புத்தகம் என்று உனக்குத் தெரியும். முதல் பக்கத்தில் அம்மா தன் கையால் பிள்ளைகள் எங்கள் நான்கு பேரின் பெயரும் நட்சத்திரமும் பிறந்த நேரமும் எழுதியிருந்தாள். கடைசிப் பெயர் தம்பியுடையது. போரில் காணாமற்போனவன். வீடும் பெட்டிகளும் எரிந்தபின், அவன் பிறந்தான் என்பதற்கு எங்களிடம் மிஞ்சியது அந்த ஒரு வரிதான். ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்தபோதும் அதைக் கைப்பையை விட்டு இறக்கவில்லை நான். உனக்குத் தந்தேன்.

வகுப்பில் மாறிப்போகக் கூடாதென்று பிரவுண் பேப்பரில் உறை போட்டாய். உறையில் உன் பெயரை எழுதினாய். ஆறு மாதம் வைத்திருந்தாய். கேட்கும்போதெல்லாம், "வாற கிழமை தாறன், எங்க ஓடப்போறன்?" என்றாய்.

ஓடித்தான் போனாய். ஒரே நாளில், நெஞ்சு நோ என்று.

தகன மண்டபத்தில் வரிசையில் வந்து உன்னைப் பார்த்தபோது, உன் நெஞ்சின் மேல் மடித்த கைகளுக்குள் அந்தப் பிரவுண் உறை. உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்ரி, அம்மான்ர புத்தகம் அம்மாவோடயே போகட்டும். தேவாரத்தைக் குப்பைக்குள்ள போடக்கூடாதெல்லோ?"

அவளைக் குறை சொல்ல ஏதுமில்லை. உறையில் இருந்ததைத்தான் அவள் படித்தாள். பாட்டுத் தொடங்கிவிட்டது. அழுகிற பிள்ளையிடம், உன் தாயின் கைக்குள் இருப்பதை எடுத்துத் தா என்று எப்படிக் கேட்பது? பெட்டியை மூடினார்கள். அந்தப் பக்கத்தை ஒரு படமாவது எடுத்து வைத்திருக்கலாம். புத்தகமே இருக்கும்போது படம் எதற்கு என்று இருந்துவிட்ட மடைச்சி நான். அந்தக் கோபமும் உன் கணக்கில்தான் சேர்கிறது.

ஊர் பேர் தெரியாத பாண்காரன் மனைவி எழுதிவைத்தாள். படித்துப் படித்துச் சொன்ன நீ ஒரு துண்டுக் கடதாசியில் "இது அவளுடையது" என்று எழுதவில்லை.

இன்று காலை உன் கல்வெட்டைக் கிழிக்கவில்லை. அதன் கடைசி வெற்றுப் பக்கத்தில் நான்கு பெயர்களையும் எழுதினேன். மேலே, இந்தப் புத்தகம் யாருடையது என்றும், எனக்குப் பிறகு யாருக்கு என்றும் எழுதினேன். உன் மகளுக்குத்தான், அவள் குப்பையில் போடமாட்டாள். தம்பியின் நட்சத்திரம் நினைவிருந்தது. அவன் பிறந்த நேரத்தை எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.