மாத்திரைக்கு லீவு கிடையாது

வீடூர்

அன்புள்ள சாந்தனுவுக்கு,

ஆதிநாதர் அருளால் நானும் அப்பாவும் சுகம். புனேயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் திடமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். பொழுது சாய்ந்தபின் சாப்பிடாத வீட்டில் வளர்ந்தவன் அங்கே கண்ட நேரத்தில் பரோட்டா தின்கிறாயாம். போனில் திட்டலாம்தான், ஆனால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடிப்பாய், அறையில் இருக்கும் பையன்கள் காதில் நம் வீட்டு விஷயம் விழ வேண்டாம். மல்லாட்டையில் இந்த வருஷம் கடலை நன்றாகத் திரண்டிருக்கிறது. திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மூட்டையை நல்ல விலைக்குப் போட்டுவிட்டு வந்ததிலிருந்து அப்பா புது மாப்பிள்ளை மாதிரி நடக்கிறார்.

பிறந்ததிலிருந்து எச்.ஐ.வி. மாத்திரை விழுங்கி அலுத்துவிட்டது, ரத்தத்தில் வைரஸ் தெரியவில்லை என்று ரிப்போர்ட்டும் வந்துவிட்டது, இனி கொஞ்ச மாதம் நிறுத்தி, கொஞ்ச மாதம் சாப்பிடப் போகிறேன் என்றாயே, அது கூடவே கூடாது. அலுப்பு எனக்கும் இருக்கிறதடா, நானும் அதைத்தானே விழுங்குகிறேன். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போனபோது உன் பேரைச் சொல்லாமல் டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவரும் நம் பக்கத்து ஆள்தான். "அத்த ஃபாரின்லியே பண்ணிப் பாத்துட்டாங்கம்மா, உட்டு உட்டு சாப்ட்டவங்களுக்குத்தான் நோவும் சாவும் ஜாஸ்தியாச்சு. மருந்து நின்னா, ஒடம்புல ஒளிஞ்சிக்கினு இருக்கிற வைரஸு ஜல்தியா வெளிய வந்துடும்" என்றார். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு மாத்திரை மாற்றித் தருவார்களாம். நீ மாத்திரை வாங்கும் ஆஸ்பத்திரியில் போய்க் கேள், நீயாக நிறுத்தாதே. உன்னை விட்டால் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

தசலட்சண விரதம் நல்லபடியாக முடிந்தது. ஜினாலயத்தில் எல்லோரும் நியமம் எடுத்தோம், பத்து நாளைக்கு ஏதாவது ஒன்றை விட வேண்டுமே. எதிர்வீட்டுக்காரி நெய்யை விட்டாள். அப்பா டீயை விட்டுவிட்டு, "ஒரே பேஜாரா கீதுடி" என்று பத்து நாளும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மட்டும், மாத்திரையை நிறுத்துகிற நினைப்பையே ஆயுசுக்கும் விடுகிறேன் என்று சொல்லிக் கும்பிட்டேன். உன் பேரையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

பகவான் உனக்கு நீண்ட ஆயுசும் நல்ல புத்தியும் கொடுக்கட்டும். டப்பா காலியாவதற்கு முன்பே போய் அடுத்ததை வாங்கி வை. "என்னைக் கேட்காமல் என் பேரில் எப்படி நியமம் எடுக்கலாம்" என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். மாத்திரையைப் போட்டுவிட்டு வந்து என்னோடு சண்டை போடு.

இப்படிக்கு,
உன் அம்மா
பத்மாம்பாள்