இரண்டு நொடி அசையாத எண்ணெய்

அன்புள்ள அம்மா,

நான் சுகமாக இருக்கிறேன். உன் முதுகுவலி தேவலையா? அப்பாவையும் கேட்டதாகச் சொல்.

ஆய்வுக்கூடத்தில், கண்ணுக்கே தெரியாத நானோ துகள் கலந்த எண்ணெயில் சூடு எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று அளக்கிறோம். எண்ணெய்க்குள் தலைமுடியைவிட மெல்லிய கம்பி இருக்கும். மின்சாரம் விட்டுக் கம்பி சூடானதும், முதல் இரண்டு நொடிக்குள் அளந்துவிட வேண்டும். அதற்குள் எண்ணெய் அசைந்தால் அதுவே சூட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும், அளவு பொய்யாகிவிடும்.

நேற்று என் அளவில் சூடு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வேகமாகப் பரவியதாக வந்தது! நான் துள்ளிக் குதித்தேன். எங்களுக்குச் சொல்லித்தரும் ஆய்வாளர் அக்கா மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"ஏன்டி, கால ஆட்டாம உன்னால உக்காரவே முடியாதா? மேசையே ஊஞ்சல் ஆடுது. இது துகள் செஞ்ச வேலை இல்ல, உன் கால் செஞ்ச வேலை!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கவலைப்படாதே. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. அதிலும் தவறினால் குழுவில் என் இடம் வேறொருத்திக்குப் போய்விடும்.

இங்கே உன்னைப்போல் தொடையில் தட்டி அதட்ட யாரும் இல்லை, அம்மா. ஆய்வுக்கூடத் தரை சில்லென்று இருக்கிறது, இரண்டு ஜோடி காலுறை அனுப்பு. வெள்ளி காலையில் விடுதிக்குப் போன் செய்து, "கால ஆட்டாதடி" என்று ஒரு தடவை அதட்டு. கோபம் வராவிட்டாலும் வந்ததுபோல் அதட்டு. உன் குரல் கேட்டால் கால் தானாக நின்றுவிடும்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகள்