சுடுகாடு இல்லாத ஊர்

நாரைக்காட்டுப்புதூர்,
உச்சிப் பொழுது.

திருப்பூர் ராயபுரம் ஓவியர் மயில்சாமி அவர்களுக்கு மாரக்காள் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

என்னை உங்களுக்குத் தெரியாது. எங்கள் ஊரைத் தெரியும். வெள்ளைக்காரன் காலத்துக் கொங்கு நாட்டு வரைபடம் ஒன்றைப் பார்த்து, நான்கு மூலையிலும் யானை வைத்து, ஓரமெல்லாம் பூங்கொடி விட்டுப் புதிதாக வரைந்தீர்களே, அதில் நொய்யலுக்குத் தெற்கே இருக்கிறோம். பத்து வீடு, ஒரு கிணறு, ஒரு புளியமரம். படத்தின் பின்பக்கம் நீங்கள் மையால் எழுதிய பெயரும் தெருவும் எங்கள் வானத்தில் இடம் வலம் மாறித் தெரிகின்றன. அதைப் பார்த்துத்தான் விலாசம் எழுதினேன்.

குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருக்கிறது. ஆனால் சுடுகாடு வைக்க மறந்துவிட்டீர்கள். அதனால் இங்கே யாருக்கும் சாவு வருவதில்லை. என் வீட்டுக்காரர் (பெயரை எழுதுவது பிழைதான், ஆனாலும் தெரிய வேண்டுமே, ஆத்தப்பன்) புளி உலுக்க ஏறி விழுந்து, கழுத்து மடங்கிக் கிடக்கிறார். மூச்சு இல்லை, பேச்சு இருக்கிறது. “தண்ணி குடு மாரக்கா. நா எப்பத்தான் போறது?” என்று கேட்டபடியே இருக்கிறார். எத்தனை வருஷம் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். தயவுசெய்து ஒரு சுடுகாடு வரைந்து கொடுங்கள்.

இப்படிக்கு,
மாரக்காள்


ராயபுரம், திருப்பூர்,
12-9-1964.

மாரக்காள் என்ற பெயரில் எழுதியவருக்கு,

சாவை வைத்தா விளையாடுவது? நான் பனியன் பெட்டிகளுக்கு லேபிள் வரைந்து பிழைக்கிறவன். மில்காரர் சென்னிமலை தன் புது வீட்டுக் கூடத்தில் மாட்டுவதற்காக அந்தப் பழைய வரைபடத்துக்கு நகல் கேட்டார். மூலத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. “மொட்டையா இருக்குதுங்க மயில்சாமி, ஊரு ஒண்ணு வெச்சு உடுங்க” என்றார். வைத்தேன். பெயரும் நானே கட்டியதுதான். அப்படி ஓர் ஊர் எங்கும் கிடையாது.

மயில்சாமி

பி.கு: இதை எங்கே போடுவது என்று தபால்காரர் நஞ்சப்பனைக் கேட்டேன். “பொட்டியில போடுங்க, போற எடத்துக்குப் போவும்” என்கிறார். அவரும் உங்கள் கூட்டாளியா?


நாரைக்காட்டுப்புதூர்,
உச்சிப் பொழுது.

தம்பி மயில்சாமிக்கு,

கோபத்திலும் பதில் போட்டீர்களே, அதனால் தம்பி என்று கூப்பிடத் தோன்றுகிறது. எனக்குப் பிறந்த வீடு இல்லை. நீங்கள் வரையவில்லை.

ஏழாவது வீடு எங்களுடையது. பாதிக் கூரையோடு உங்களிடம் சிவப்பு தீர்ந்துபோயிற்று. யாருக்கும் தெரியாமல் இருக்கட்டும் என்று ஒரு புளியங்கிளையை அதன் மேல் வளைத்துவிட்டீர்கள். அவசரத்தில் போட்ட கிளை, மரத்தோடு சேரவே இல்லை. அதில் கால் வைத்துத்தான் அவர் விழுந்தார்.

பழசாகத் தெரியட்டும் என்று ஓரத்தில் 1742 என்று போட்டீர்கள். அன்றிலிருந்து இங்கே இருக்கிறோம், தம்பி.

மாரக்காள்


ராயபுரம்,
3-10-1964.

அக்காவுக்கு,

படம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கிளை சேரவில்லை. சிவப்பு தீர்ந்தது எனக்கு மட்டுமே தெரிந்த விஷயம். பயத்தில் ஈரத்துணியை எடுத்து ஊரையே துடைத்துவிடப் போனேன். படத்தில் கிணற்றடி வரை துணியைக் கொண்டுபோன பிறகு கை வரவில்லை.

சுடுகாடு மறந்ததல்ல அக்கா. வீட்டில் மாட்டுகிற படத்தில் எங்கள் தொழிலில் யாரும் அதை வைப்பதில்லை. சென்னிமலையிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். “புண்ணியார்ச்சனை பண்ணிக் குடிபோற ஊட்டுல சுடுகாட்டை ஆருங்க மாட்டுவாங்க?” என்று சிரித்தார். படம் வேண்டாம் என்று அவர் சொன்னாலும் சொல்லட்டும். நேற்று ஊருக்கு மேற்கே கொஞ்சம் விறகும் ஒரு கோடு புகையும் வரைந்துவிட்டேன். அந்தக் கிளைக்காக என்னை மன்னிக்க முடியுமா?

தம்பி மயில்சாமி


நாரைக்காட்டுப்புதூர்,
உச்சிப் பொழுது.

அன்புத் தம்பிக்கு,

அவர் போய்விட்டார். கொடுத்த தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டு, என் கையைப் பிடித்தபடியே போனார். உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தாலி இறங்கும்போது பிறந்த வீட்டுக் கோடித்துணி வர வேண்டுமல்லவா? உங்கள் கடிதத்தை விரித்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

ஆனால் காத்திருந்தது அவர் ஒருவர் மட்டும் இல்லை. அவரை அடுத்துப் பக்கத்து வீட்டுப் பழனாயி. அப்புறம் வேலாத்தாள். ஒருவருக்கு ஒருவர் கொள்ளி வைத்துவிட்டு வரிசையாகப் போய்விட்டார்கள். கடைசியாகப் போனவருக்கு நான் வைத்தேன். பத்து வீட்டிலும் நான் ஒருத்திதான். எனக்கும் போதும் தம்பி, மிகவும் களைத்துவிட்டேன். எனக்குக் கொள்ளி வைக்க ஆள் இல்லாததால் போக முடியவில்லை. ஓர் ஆளை வரைந்துவிடுங்கள். வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

மாரக்காள்


ராயபுரம்,
28-10-1964.

அக்கா,

வரைந்துவிட்டேன். லேபிளில் ஆள் முகம் வந்தால் கண்ணாடி பார்த்து என் முகத்தையே போடுவது என் வழக்கம். இதற்கும் அதுவே வந்துவிட்டது, தாடை மச்சம் உட்பட. படத்து ஆளின் கண்ணைக் கடைசியில் வரைந்து திறந்தேன். திறந்ததும் எனக்கு வெயில் கூசிற்று. வெளியே நல்ல மழை.

இரண்டு நாளாக உடம்பு சரியில்லை. கடைவீதியில் நஞ்சப்பனைக் கூப்பிட்டேன், காதில் விழாதவர் மாதிரி என்னைத் தாண்டிப் போனார். சுவரில் என் நிழலைக் காணோம். காய்ச்சலாக இருக்கும். நீங்கள் நிம்மதியாகப் படுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி


நாரைக்காட்டுப்புதூர்,
உச்சிப் பொழுது.

அன்புத் தம்பி மயில்சாமிக்கு,

நீங்கள் வரைந்த ஆள் வந்துவிட்டார். நான் குளித்து, விறகை அடுக்கி, அதன் மேல் படுத்துக்கொண்டேன். கொள்ளியோடு பக்கத்தில் வந்தவர் என் முகத்தைப் பார்த்து, “ஏனுங்க அக்கா, ராயபுரத்துக்கு எந்தத் தடமுங்க?” என்று கேட்டார். கண்ணெல்லாம் தண்ணீர். இந்த ஊருக்குத் தடம் ஏது தம்பி?

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நான் போய்விட்டால் இவருக்கு யார் இருக்கிறார்கள்? பேச ஓர் ஆள் இல்லாமல், சாகவும் முடியாமல், இந்த வெயிலில் எத்தனை காலம் நிற்பார்? எனக்குச் சாவு எவ்வளவு வேண்டியிருந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் மனசு கேட்கவில்லை. கொள்ளியை வாங்கி மண்ணில் குத்தி அணைத்துவிட்டேன்.

நீங்கள் அங்கே சுகமாக இருந்தால் ஒரு வரி போடுங்கள். இவர் வெறும் படம் என்று தெரிந்தால் நான் திரும்பப் போய்ப் படுத்துக்கொள்வேன். பதில் வராவிட்டால் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சோறு ஆக்குகிறேன்.

அக்கா,
மாரக்காள்