ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் ஒரு கீறல்கூட இல்லாமல் சுகமாக இருக்கிறோம், அம்மாவின் இடது காலில் இருக்கும் மாவுக்கட்டு புயலுக்கு முந்தையது, அதை இந்தக் கணக்கில் சேர்க்காதே. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கரண்ட் நேற்றுத்தான் வந்தது, குழாயில் தண்ணீர் கலங்கலாக வருகிறது, காய்ச்சிக் குடிக்கிறோம். போனில் எல்லாம் சொல்லியாயிற்றே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பார்க்கிறாள், நான் பாதி விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறேன். அதுவுமில்லாமல் அவள் உன்னிடம், அப்பா வேலையா வெளிய போயிருந்தார், வந்துட்டார் என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். நான் போனதும் வந்ததும் ஒரு வரியில் அடங்குகிற கதை இல்லை.

புயல் வருகிறது என்றால் லிஃப்ட் மெக்கானிக்குக்கு என்ன வேலை என்று உனக்குத் தெரியும். கீழே குழிக்குள் தண்ணீர் இறங்குவதற்கு முன்னால் ஒவ்வொரு கட்டடத்திலும் லிஃப்டை மேல் மாடிக்கு ஏற்றி நிறுத்தி மெயினை அணைக்க வேண்டும். அன்றைக்கு என் பொறுப்பில் எட்டுக் கட்டடம். சாயங்காலம்தான் கரையைக் கடக்கும் என்று ரேடியோவில் சொன்னதை நம்பி, காலை ஏழு மணிக்குக் கிளம்பி, பத்து மணிக்குள் வந்துவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனேன். போகும்போது அவள் போனைச் சமையலறையில் சார்ஜில் போட்டவன் நான்தான், காலை ஊன்ற முடியாதவள் அங்கே எப்படிப் போய் எடுப்பாள் என்ற யோசனையே வரவில்லை. ஏழு கட்டடம் நல்லபடியாக முடிந்தது. எட்டாவது, நம் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கிற அந்த ஆறு மாடிக் கட்டடம். காற்று அதற்குள் எழும்பிவிட்டது. வாட்ச்மேனும் வீட்டுக்குப் போகத் துடித்தார். நான் லிஃப்டை ஏத்திடறேன், பத்து நிமிஷத்துல மொத்த மெயினையும் இறக்கிட்டு நீங்க கிளம்புங்க என்று சொல்லிவிட்டு ஏறினேன். ஐந்தாவது மாடியில் பார்த்தால், பட்டன் பலகையில் ஒரு திருகு ஆடுகிறது. உன் அப்பாவைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. ஊரே பறக்கப் போகிறது, இவர் திருகு முடுக்குகிறார் என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள். அதை முடுக்கி, இன்னொன்றையும் சரிபார்த்து, ஆறாவது மாடிக்குப் பட்டனை அழுத்தினேன். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் போகும்போது பத்து நிமிடம் முடிந்துவிட்டது, மெயின் இறங்கி லிஃப்ட் நின்றுவிட்டது. அந்த வாட்ச்மேன் வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்ன நேரத்துக்குச் சொன்ன வேலையைச் செய்திருக்கிறார், அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.

முப்பது வருடமாக லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம், பதறாதீங்க, நீங்களா ஏறிக் குதிக்காதீங்க, ஆள் வருவாங்க என்று வெளியே நின்று சொன்னவன் நான். உள்ளே நின்று அதைத் தனக்கே சொல்லிக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. போனில் சிக்னல் இல்லை. ஆபத்து மணி பேட்டரியில் வேலை செய்தது, அழுத்தி அழுத்தி விரல் வலித்ததுதான் மிச்சம். காற்று போட்ட இரைச்சலில், கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த யார் காதிலும் அது விழவில்லை. என்னைப் பற்றி எனக்குப் பயம் இல்லை, அந்த இரும்புக் கயிறுகளை மாற்றியவனே நான்தான். அம்மாவை நினைத்துத்தான் பயம். கீழ்வீடு, தாழ்வான தெரு, ஒற்றைக் காலோடு கட்டிலில் இருக்கிறாள், தண்ணீர் வந்தால் என்ன செய்வாள். நாலு மணி நேரம் இதையே நினைத்துக்கொண்டு அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இரண்டு மணிக்குச் சட்டென்று எல்லாம் அடங்கிவிட்டது. புயலின் கண் நம் தலைக்கு மேல் வந்திருக்கிறது. அந்த அமைதியில் மணியை அழுத்தினேன் பார், கட்டடமே அதிர்ந்தது. ஆறாவது மாடிப் பல் டாக்டரம்மா ஓடிவந்தார். கதவிடுக்கு வழியாக மெஷின் ரூம் சாவியை நீட்டினேன், கீழிருந்தே நான் கத்தக் கத்த, அவர் வீட்டுக்காரர் பிரேக்கை விலக்கிப் பிடித்துக்கொள்ள டாக்டரம்மா சக்கரத்தைக் கையால் சுற்றி என்னை மேலே ஏற்றினார். பல் பிடுங்கிப் பழகின கை, நன்றாகவே சுற்றினார். இனிதான் பின்பாதி இருக்குது, வெளிய போகாதீங்க என்று இரண்டு பேரும் தடுத்தார்கள். நான் கேட்கவில்லை, ஓடினேன். அது முட்டாள்தனம், நீ ஒருநாளும் அப்படிச் செய்யாதே. முழங்கால் தண்ணீரில் நம் வீட்டுக்குள் நுழைந்தால் கட்டில் காலியாக இருக்கிறது. செருப்பு ஒன்று மிதக்கிறது. அம்மா அம்மா என்று உன்னைப்போலவே கத்திவிட்டேன், பெண்டாட்டியைக் கூப்பிடுகிறோம் என்ற ஞாபகம்கூட இல்லை. அப்போது மேலேயிருந்து குரல் வந்தது. எங்கங்க சுத்திட்டு வர்றீங்க, மேல வாங்க, காலைக் கழுவிட்டு ஏறுங்க, அவங்க வீடு சுத்தமா இருக்கு என்று.

அவங்க வீடு என்றால் யார் வீடு? இரண்டாவது மாடி, ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர், நான் பாம்பாம் என்று பெயர் வைத்தேனே, அவர் வீடு. காலை ஆறேகாலுக்கு ஹார்ன் அடிக்கிறார் என்று நாலு வருடத்துக்கு முன் பள்ளிக்கூடத்துக்கு நான் புகார் எழுதினேன், அன்றிலிருந்து அந்த வீட்டோடு பேச்சு வேண்டாம் என்று உன்னிடமும் சொன்னேன். அவரும் அவர் மனைவியும் அம்மாவை நம் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். இவள் சும்மா போனாளா, மாத்திரைப் பைக்கு ஒருமுறை, பாதி தைத்த திரைச்சீலைக்கு ஒருமுறை அந்த மனிதரைத் திரும்பவும் தண்ணீருக்குள் அனுப்பியிருக்கிறாள். புயலின் பின்பாதி முழுக்க அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டேன். தலை நிமிரவில்லை. அம்மா தனியாக இருப்பது எப்படித் தெரிந்தது என்று கடைசியில் கேட்டேன். பத்தரை மணிக்கு உங்க பொண்ணுதான் போன் பண்ணுச்சு அண்ணே, ரெண்டு பேரையும் போன்ல பிடிக்க முடியலன்னு அழுதுச்சு, ஊருக்குப் போற அன்னிக்கே மாடிப்படியில நின்னு என் நம்பரை வாங்கிட்டுத்தானே போச்சு என்றார்.

இந்தப் பத்து நாளில் எத்தனை தடவை பேசினோம், இதைப் பற்றி நீ மூச்சு விடவில்லை. அப்பா மனது கஷ்டப்படும் என்று நினைத்திருப்பாய். கஷ்டப்படத்தான் செய்தது, படட்டும். என் புகாரால் அவர் நாலு வருடமாக ஹார்ன் அடிக்காமல், மூன்று கட்டடத்தில் தினமும் படியேறி இறங்கிப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறாராம். அம்மாவுக்கு இது தெரியும், எனக்குத்தான் தெரியாது. இன்று காலையில் முதலில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன், புகாரை வாபஸ் வாங்குகிறேன், தவறு என்னுடையது என்று. அதை அவரிடமே கொடுத்தேன். படித்துவிட்டு, பழக்கம் விட்டுப்போச்சு அண்ணே என்று சிரித்தார்.

அம்மா இப்போது போனைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருக்கிறாள், எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு. வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். நீ என் பேச்சைக் கேட்டிருந்தால் அன்றைக்கு அம்மா என்ன ஆகியிருப்பாள் என்று நினைக்கவே முடியவில்லை. கேட்காமல் இருந்ததற்கு நன்றியம்மா. அந்த நம்பரைப் பத்திரமாக வைத்துக்கொள். நானும் என் போனில் போட்டுக்கொண்டேன், தம்பி என்று.

உன் அப்பா
(அம்மா மேலே தம்பி வீட்டில் இருக்கிறாள், அவள் ஆசீர்வாதத்தையும் நானே எழுதிவிடுகிறேன்.)