உதவி வேண்டாமென்ற நாடு

வியாழன், இரவு

மனது ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. அவர் லாரி ஓட்டும் வளைகுடா நகரத்தில் முந்தாநாளிலிருந்து வெள்ளம். உதவிக்கு வருகிறோம் என்று பல நாடுகள் கேட்டனவாம். அந்த நாடு நன்றி சொல்லிவிட்டு வேண்டாம் என்றுவிட்டதாம். மத்தியானம் டிவியில் சொன்னார்கள்.

கொழுந்தன் சிரித்தான். "அவங்ககிட்ட இல்லாத காசா அண்ணி? நாம குடுத்துத்தான் நிறையப் போகுதா?" நானும் சிரித்தேன்.

சாயங்காலம் அவர் போன் பண்ணினார்.

"ரூமுக்குள்ள முழங்கால் தண்ணி. எல்லாரும் கட்டில் மேல உக்காந்திருக்கோம்."

"கம்பெனியிலேருந்து ஆள் வரலையாங்க?"

"வருவாங்க. பக்கத்துக் கட்டடத்து நேபாளிக்காரங்க குடிக்கத் தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க. அம்மாகிட்ட சொல்லிப்புடாத."

"கிளம்பி வந்துருங்க. இங்கிட்டு ஏதாச்சும் பாத்துக்கலாம்."

"இப்ப வந்தா வேலை போயிரும். தண்ணி வடிஞ்சதும் சேத்தை அள்ள எங்களைத்தான எறக்குவாங்க? லாரிக்கு ஆள் வேணுமே."

லைன் கட்டாகிவிட்டது. திரும்பப் போட்டால் போகவில்லை.

வெளியார் உதவி வேண்டாம் என்ற ஊரைக் கழுவிவிடப் போவது வெளியூர்க்காரர்கள்தான். இதைக் கொழுந்தனிடம் சொல்லத்தான் கூடத்துக்குப் போனேன். அங்கே அத்தை உட்கார்ந்திருந்தார்.

"போன்ல அவனா? நல்லாருக்கானா?"

"நல்லாருக்காரு அத்தை. சாப்பிட்டாராம்."

சொல்லிவிட்டு வந்து படுத்த பிறகுதான் உறைக்கிறது. சாப்பிட்டீங்களா என்று நான் அவரைக் கேட்கவே இல்லை.