ஆறு வந்த சத்தம்

இன்று காலை குழாயைத் திறந்தேன், மதினி. உஸ்ஸென்று காற்று, பிறகு ஒரு கரகரப்பு, அப்புறம்தான் தண்ணீர். "வருது! வருது!" என்று என்னையறியாமல் கத்திவிட்டேன். என்னவோ ஏதோவென்று மருமகள் ஓடிவந்தாள். கொத்மலை ஓயாவில் கலக்கும் நம் ஆற்றின் நடுவில், உங்கள் பக்கத்தில் நான் நின்றது அவளுக்கு எப்படித் தெரியும்!

அந்தப் பங்குனித் திருவிழாதான் நினைவுக்கு வந்தது. காய்ச்சலில் கிடந்த அண்ணன் பிழைத்ததற்காக, கரகத்தின் பின்னால் தீச்சட்டி எடுப்பதாக மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தீர்கள். ஓடும் நீரைக் குடத்தில் மொண்டு, பூச்சுற்றிக் கரகம் பாலிக்கத் தோட்டத்து லயத்துச் சனமெல்லாம் தப்பு மேளத்தோடு இறங்கினால், ஆற்றில் வெறும் கல்தான் கிடந்தது. மேலே கிராமத்துச் சிங்களவர்கள் கல்லடுக்கித் தண்ணீரை வயலுக்குத் திருப்பியிருந்தார்கள். கதிர் பால் பிடிக்கும் சமயம். நம் இளவட்டங்கள் அணையை உடைக்க அலவாங்குக் கம்பியைத் தூக்கினார்கள்.

"அடுத்தவன் சோத்துல கை வைக்காதீங்கடா! நான் போய்க் கேக்குறேன்" என்று அதட்டிவிட்டு மேலே ஏறினீர்கள். நானும் கூடவே வந்தேன்.

"பூசைக்குக் கொஞ்சம் தொறந்து விடுங்க மாத்தயா. முடிஞ்சதும் நாங்களே கட்டித் தர்றோம்."

வயல்காரர் பயிரைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார். "ஓயாத் தண்ணி எனக்கு மட்டும் இல்லைதானே" என்று முதல் கல்லை அவரே நகர்த்தினார்.

கீழே ஓடினோமே! முதலில் கூழாங்கல் உருளும் சத்தம்தான் வந்தது. எங்கிருந்தோ கொக்குகள் வந்து இறங்கின. பிறகு சருகும் நுரையுமாகத் தண்ணீர்! "வருது! வருது!" என்று நீங்கள் கூவியதில் தப்புச் சத்தமே அமுங்கிப்போனது. சேற்றுக் குட்டையில் கிடந்த மீன்கள் துள்ளின. பிள்ளைகளும்தான்.

நீர் மொண்டு பாலித்த கரகம் கோயிலுக்குப் போக மேட்டில் ஏறியது. நீங்களோ சொன்ன சொல்லைக் காக்க அணைக்குத் திரும்பி, இடுப்பளவு நீரில் கல் அடுக்கினீர்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"தீச்சட்டி என்னாகுறது மதினி?"

"அவரு பயிரு காயுதுல்ல. ஆத்தா கொஞ்ச நேரம் நிக்க மாட்டாளா? அந்த மூலையில கல்ல வச்சாச்சா?"

ஆத்தா நின்றாள்! வளைவில் கரகத்தை நிறுத்தி, உங்களுக்காகத் தப்படித்துக்கொண்டிருந்தார்கள். நனைந்த சேலையோடு மூச்சிரைக்க ஓடிப்போய்த் தீச்சட்டியை ஏந்தினீர்கள். சேற்றுக் கையைத் துடைத்துக்கொண்டே வயல்காரரும் பின்னால் வந்தார். அவ்வளவு சந்தோஷமான திருவிழாவை அப்புறம் நான் பார்க்கவில்லை.

வாளி நிறைந்தது. குழாயை இறுக்கி மூடினேன். நம் வீட்டுக்குக் கீழேயும் நாலு வீட்டுக்காரர்கள் தண்ணீருக்குக் காத்திருக்கிறார்கள். மூடும்போதெல்லாம் உங்கள் குரல்தான் கேட்கிறது, கல்ல வச்சாச்சா என்று.

வச்சாச்சு, மதினி.