‘இல்லை’ என்ற கட்டத்தில் ஒரு டிக்

பாறசாலை
8.3.1999

தம்பி சத்தியதாசுக்கு அக்கா ராஜபாய் எழுதுவது.

நீ வீட்டுக்கு வர வேண்டாம் என்றுதான் தபாலில் எழுதுகிறேன். அத்தானை அடக்கம் பண்ணி எட்டு நாள். நீ வேலை பார்க்கிற ஸ்கேன் சென்டரில் தந்த இங்கிலீஷ் காகிதங்களை மகள் அஞ்சு வாசித்துச் சொன்னாள். முன்பு ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று டிக் போட்டிருக்கிறதாம். உன் கைதான். அடியில் என் ஒப்பு, நான் போட்ட கையெழுத்து.

இப்போது அவர் உயிரை எடுத்த இதே கான்ட்ராஸ்ட் ஊசி போட்டுத்தான் போன வருஷம் நாகர்கோவிலில் முகம் வீங்கி, மூச்சு முட்டி ரெண்டு நாள் கிடந்தார். நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

ராஜபாய்

கரமனை
13.3.1999

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். அன்றைக்கு வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். நம்ம ஆள் என்று அத்தானை முதலில் கூட்டிப் போனேன். மற்றவர்களிடம் எல்லாக் கேள்வியும் கேட்பேன். சொந்த அத்தானைப் பற்றி எனக்குத் தெரியாததா என்று நானே டிக் போட்டுவிட்டேன். அந்த மருந்து ஏறினால்தான் கட்டி வேறு, நல்ல சதை வேறு என்று படத்தில் பிரிந்து தெரியும். நல்லதுக்குத்தான் செய்தேன்.

வெள்ளிக்கிழமை சென்டரில் விசாரணை. ‘தம்பி கேட்டான், நான்தான் சொல்ல மறந்தேன்’ என்று சொல்லுங்கள் அக்கா. இல்லையென்றால் என் வேலை போகும். உங்களை யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள்.

சத்தியதாஸ்

பாறசாலை
16.3.1999

தம்பி,

வெள்ளிக்கிழமை வருகிறேன். நீ பயப்படாமல் இரு.

ராஜபாய்

பாறசாலை
20.3.1999

சத்தியதாஸ்,

நேற்று வாசலில் எனக்குக் காப்பி வாங்கித் தந்தாய். குடித்தேன். உள்ளே பெரிய டாக்டர், நீ என்னிடம் எல்லாம் கேட்டாயா என்று மலையாளத்தில் கேட்டார்: “அம்மே, தம்பி எல்லாம் சோதிச்சோ?”

“ஒண்ணும் கேக்கல்ல சாரே. இங்க ஒப்பு போடு அக்கான்னு வெரல வச்சுக் காட்டினான். நான் போட்டேன்.”

நீ தலை நிமிர்ந்தாய். உன் முகம் செத்துப்போனதைக் கண் எடுக்காமல் பார்த்தேன். அதற்காகத்தான் பயப்படாதே என்று எழுதினேன். நீ பயந்துகொண்டு வந்திருந்தால் அந்த முகம் எனக்குக் கிடைத்திருக்காது. கட்டி வேறு, சதை வேறு என்று எழுதினாயே. எனக்கும் நேற்று நீ வேறு, நான் வேறு என்று பிரிந்து தெரிந்தது.

அடுத்த மாதம் எட்டாம் தேதி நாற்பதாம் நாள் ஜெபம். வராமல் இருந்துவிடாதே. முன்னால் உனக்கு நாற்காலி போட்டு வைப்பேன். நல்லா இருந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு என்று வருகிறவர்கள் கேட்பார்கள். நான் பதில் சொல்ல மாட்டேன். உன்னைக் கைகாட்டுவேன்.

ராஜபாய்